கடலோர வீட்டுக்கு எந்தக் கூரை? புயலும் உப்புக்காற்றும்: கேள்வி பதில்

கேள்வி (வேதாரண்யம் பக்கம்): 2018 கஜா புயலில் தகரக் கூரை மொத்தமாகப் பறந்துவிட்டது. வீடு 20க்கு 30 அடி. இனி ஓட்டுக்கே போய்விடலாமா?

பதில்: பறந்ததற்குத் தகரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அதைப் பிடித்திருந்த ஆணியையும் சட்டத்தையும் பாருங்கள். நாகப்பட்டினம், சென்னைக் கரைகளுக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அது கூரையின் மேல் ஓடும்போது மேல்நோக்கி இழுக்கும். தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 4 அல்லது 5 கிலோதான். மீதி இழுப்பு முழுவதையும் ஸ்க்ரூ, பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), சுவர் என்ற வரிசைதான் தாங்க வேண்டும். அந்த வரிசையில் எது பலவீனமோ அங்கே பிடுங்கும்.

ஆகவே நல்ல தகரத்தையே மறுபடி போடுங்கள். பட்டைச் சுவர் (முகடு வரை முக்கோணமாக எழும் சுவர்) இரண்டு பக்கமும் நிற்கும் சாய்வை விட, நாலு பக்கமும் சரியும் கூரை காற்றுக்கு நன்றாகத் தாங்கும். சாய்வு 25 முதல் 30 டிகிரி இருக்கட்டும். தாழ்வாரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். சுவரின் தலையில் காங்கிரீட் பட்டை போட்டு, கூரையைத் தாங்கும் ஒவ்வொரு ட்ரஸ் சட்டத்தின் காலுக்கும் 12 மி.மீ. போல்ட்டை அதில் புதைத்துவிடுங்கள். வெறும் செங்கல்லில் புதைத்த போல்ட் சுவரின் மேல் வரியோடு சேர்ந்தே வரும்.

கேள்வி (கோடியக்கரை): ஸ்க்ரூ எத்தனை, எங்கே?

பதில்: ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு அதிகம். சுற்றிலும் 1.2 மீட்டர் அகலத்துக்கு ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் (மடிப்பு உயர்ந்திருக்கும் வரி) ஒரு ஸ்க்ரூ. பர்லின் இடைவெளி 90 செ.மீ. நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, 120 செ.மீ. போதும். மேலே கேட்டவரின் 20க்கு 30 அடி கூரைக்கு ஏறக்குறைய 360 ஸ்க்ரூ வரும். 400 வாங்கி வையுங்கள்.

ஆணி வேண்டவே வேண்டாம். புயல் ஒரே இழுப்பில் பிடுங்குவதில்லை. மணிக்கணக்கில் மேலும் கீழும் ஆட்டி, ஸ்க்ரூ தலையைச் சுற்றித் தகரத்தில் விரிசல் விடவைத்து, பிறகுதான் கிழிக்கும். 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயலில் கூரைகள் இப்படித்தான் போயின. ஆகவே ஓரத்து ஸ்க்ரூக்களுக்கு ரப்பர் வாஷர் மட்டும் போதாது; மேட்டின் வளைவுக்கேற்ற அகலமான இரும்பு வாஷரும் வைத்து இறுக்குங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் திருகினால் மேடு அமுங்கித் தண்ணீர் இறங்கும்.

கேள்வி: ஷீட் மேல் மணல் மூட்டை வைத்தால்?

பதில்: சதுர மீட்டருக்கு 150 கிலோ இழுப்புக்கு 25 கிலோ மூட்டை எதிர்நிற்காது, கூரை போகும்போது மூட்டையும் விழும். அவசரத்துக்கு நைலான் கயிறோ பழைய மீன்வலையோ கூரை மேல் போட்டு, தரையில் அடித்த முளையில் கட்டுவது அதைவிட நல்லது. புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் அடிக்கும், ஒரு பக்கம் மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கேள்வி (பரங்கிப்பேட்டை): கடலுக்கு அரை கிலோமீட்டர். இரண்டே வருடத்தில் தகரம் துரு. எதை வாங்குவது?

பதில்: சாதா ஜிஐ (துத்தநாகம் மட்டும் பூசிய) தகரத்தை விட கால்வால்யூம் தகரம் நல்லது. அதன் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம், அதன் மேல் பெயின்ட். கடைக்காரர் 0.5 மி.மீ. என்றால் அது பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்த கணக்கு. உள்ளே இரும்பு சுமார் 0.43தான். "வெறும் இரும்பு எத்தனை?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

துரு பெரும்பாலும் வேலை செய்யும் அன்றே தொடங்கிவிடுகிறது. கிரைண்டரில் வெட்டினால் ஓரத்துப் பூச்சு கருகிவிடும், கத்தரியில் வெட்டுங்கள். ஸ்க்ரூ துளையிட்ட இரும்புத் தூளை அன்று மாலையே கூட்டிவிட வேண்டும். ஈர சிமென்ட் படவும் கூடாது. மழை நனைக்காத தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில் உப்பு தங்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஸ்க்ரூவும் கடலோரத் தரம் இல்லையென்றால் ஷீட்டுக்கு முன்னால் அது போய்விடும்.

கேள்வி: அதையே மாட்டுக்கொட்டகைக்கும் போடலாமா?

பதில்: வேண்டாம். மூத்திரத்தின் அமோனியா அந்தப் பூச்சை அரிக்கும். அங்கே ஓடோ கீற்றோ போதும்.

கேள்வி (நாகூர்): தாத்தா காலத்து மங்களூர் ஓடு, ஒவ்வொரு புயலிலும் நூறு ஓடு சறுக்குகிறது.

பதில்: ஒரு சதுர மீட்டருக்கு 15 ஓடு, சுமார் 40 கிலோ. அதனால் தகரத்தை விடக் கெட்டி. ஆனாலும் 150 கிலோவுக்கு முன் போதாது. ஓட்டின் அடியில் ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்கு மரப்பட்டை) மாட்டும் மூக்கருகே துளை இருந்தால் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். தாழ்வாரத்து இரண்டு வரிசை, முகடு, பட்டைச் சுவர் ஓரம் இங்கெல்லாம் எல்லா ஓடும். நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. முகட்டுக் கலவை விரிசல் விட்டிருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஒட்டுப் போடலாமா?

பதில்: ஒட்டுப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. துளையிடவோ அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து முழுசாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள். நல்ல மாஸ்க் அவசியம். மேலே ஏறி மிதித்தால் ஷீட் உடைந்து ஆளும் விழுவார்; பலகை போட்டு ஏறுங்கள்.

கேள்வி: காசு இருந்தால் காங்கிரீட்தானே பாதுகாப்பு?

பதில்: காற்றுக்கு ஆம். உப்புக்கு அதுவே இரை. கம்பிக்கு மேல் காங்கிரீட் மூடல் 45 மி.மீ., எம்30 தரக் கலவை, தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45க்குள். இவை கரையோரத்துக்கான தரநிலை அளவுகள். மேஸ்திரி கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கட்டை வைத்தால் சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, கீழ்ப்பூச்சு பொத்துப் பொத்தாக விழும். தளம் போடும் முன் கட்டையை நீங்களே அளந்து பாருங்கள்.