'பிக் அப் இட்' ஏன் தவறு? ஆங்கில வினைகள் பற்றிய கேள்வி பதில்

ஐயா, 'பிக் அப் தி போன்', 'பிக் தி போன் அப்' இரண்டும் சரி என்கிறார்கள். ஆனால் 'பிக் அப் இட்' என்று எழுதிய என் மகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?
ஒரு தாய், ஈரோடு

குறைத்தது சரிதான் அம்மா. காரணத்தைச் சொல்லிக் குறைத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் புதிய செய்திக்கு உரியது. அழுத்தமும் அங்கேதான் விழும். 'இட்', 'ஹிம்', 'தெம்' ஆகியவை ஏற்கெனவே தெரிந்ததைச் சுட்டுபவை, தணிந்த குரலில் ஒலிப்பவை. அவற்றுக்குக் கடைசி இடம் பொருந்தாது. ஆகவே அவை வினையை ஒட்டி நின்றுகொள்ள, 'அப்' பின்னால் போய்விடுகிறது: 'பிக் இட் அப்', 'டர்ன் இட் ஆஃப்', 'த்ரோ தெம் அவே'.

அப்படியானால் 'லுக் இட் ஆஃப்டர்' என்றுதானே வர வேண்டும்? 'லுக் ஆஃப்டர் இட்' என்கிறார்களே!
கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

நல்ல பிடி. 'பிக் அப்' என்பதில் உள்ள 'அப்' வினையின் ஓர் உறுப்பு. 'லுக் ஆஃப்டர்' என்பதில் உள்ள 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல், அதாவது 'ப்ரெபொசிஷன்'. தனக்குப் பின்னால் ஒரு பெயர் இல்லாமல் அதனால் நிற்க முடியாது. 'வெயிட் ஃபார் மீ', 'லிசன் டு ஹெர்' எல்லாம் இந்த வகை.

ஒரே சொல் இரண்டு வேலையும் செய்வதைப் பாருங்கள். 'ஹீ ரேன் அப் எ ஹில்' என்றால் குன்றின் மேல் ஓடினான். 'ஹீ ரேன் அப் எ பில்' என்றால் கடைக்காரரிடம் பாக்கியை ஏற்றிவைத்தான். எழுத்தில் ஒரே அமைப்பு. பெயருக்குப் பதிலாக 'இட்' போன்ற பிரதிப்பெயரைப் போட்டவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும்: குன்றானால் 'ரேன் அப் இட்', பாக்கியானால் 'ரேன் இட் அப்'. காதாலும் கண்டுபிடிக்கலாம். 'லுக் இட் அப்' என்பதில் 'அப்' ஓங்கி ஒலிக்கும். 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' கரைந்துபோகும்.

'புட் அப் வித் ஹிம்' போன்ற மூன்று சொல் வினைகளில் கடைசியில் நிற்பது முன்னிடைச்சொல். எனவே 'ஹிம்' அதற்கும் பின்னால்தான்.

ஒரு முன்னிடைச்சொற்றொடர் வினையை விவரிக்கிறதா, பெயரை விவரிக்கிறதா என்று போட்டித் தேர்வில் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன்.
தேர்வுக்குத் தயாராகும் ஒருவர், மதுரை

குத்துமதிப்பு வேண்டாம். மேலே சொன்ன அதே 'இட்' இங்கேயும் உதவும். பிரதிப்பெயர் தனிப் பெயரை மட்டும் விழுங்குவதில்லை. அந்தப் பெயரோடு ஒட்டிய விவரணையையும் சேர்த்தே விழுங்கும். 'ஹீ ஏட் தி ஃபிஷ் இன் தி ஃபிரிட்ஜ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் இருந்த மீன் என்று பொருள் கொண்டால், 'ஹீ ஏட் இட்' என்பதோடு முடிந்துவிடும். 'ஹீ ஏட் இட் இன் தி ஃபிரிட்ஜ்' என்று எழுதினால், ஆள் ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதாகிவிடும்! ஆக, தொடர் 'இட்'டுக்குள் மறைந்தால் அது பெயருக்குச் சொந்தம். வெளியே நின்றால் வினைக்குச் சொந்தம்.

கொஞ்சம் கடினமானது ஒன்று: 'ஷீ புட் தி கீ ஆன் தி டேபிள் இன் தி பேக்'. மேசைமேல் இருந்த சாவியைப் பைக்குள் போட்டாள் என்று கொண்டால், 'ஷீ புட் இட் இன் தி பேக்' என்றாகும். 'ஆன் தி டேபிள்' மறைந்தது, 'இன் தி பேக்' நின்றது. 'ஷீ புட் இட்' என்று மொட்டையாக விட முடியாது. 'புட்' எங்கே என்ற இடத்தையும் கேட்கும் வினை.

தமிழர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்பதற்கு இரண்டு பொருள். தமிழில் 'தொலைநோக்கியால் பார்த்தேன்' என்போம், அல்லது 'தொலைநோக்கி வைத்திருந்தவரைப் பார்த்தேன்' என்போம். வேற்றுமை உருபும் பெயரெச்சமும் குழப்பத்தை முளையிலேயே கிள்ளிவிடுகின்றன.

'ஐ நோ ஹெர் இன் தி ப்ளூ சாரி' சரியா?
பெயர் வேண்டாம் என்றவர்

நீலப் புடவைக்காரரைத் தெரியும் என்ற பொருளில் தவறு. 'ஹெர்' வந்த பிறகு அவரை அடையாளம் காட்ட விவரணை ஒட்டாது. 'தி ஒன் இன் தி ப்ளூ சாரி' என்று சொல்லுங்கள்.

'எக்ஸ்பிளெய்ன் மீ' என்றால் மேலதிகாரி முகம் சுளிக்கிறார். 'டெல் மீ' மட்டும் சரியாம்.
அலுவலக ஊழியர், சென்னை

'எனக்குச் சொல்', 'எனக்கு விளக்கு': தமிழில் இரண்டுக்கும் நான்காம் வேற்றுமை போதும். ஆங்கிலம் வினைக்கு வினை ஆள் பார்த்துப் பழகும். 'டெல்', 'கிவ்', 'சென்ட்', 'ஷோ' ஆகியவை பிரதிப்பெயரை நேராக ஏற்கும். 'எக்ஸ்பிளெய்ன்', 'டிஸ்கிரைப்', 'சஜஸ்ட்', 'இன்ட்ரோட்யூஸ்' ஆகியவற்றுக்கு இடையில் 'டு' வேண்டும்: 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ'. லத்தீன் வழி வந்த நீண்ட வினைகள் பெரும்பாலும் 'டு' கேட்கும் என்பது ஓரளவு உதவும் குறிப்பு. ஓரளவுதான், 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' இரண்டும் லத்தீன் வழி வந்தும் நேராக ஏற்கும், 'ஸே' பழைய ஆங்கிலச் சொல்லாக இருந்தும் 'ஸே மீ' கிடையாது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வினையையும் 'மீ' சேர்த்தே கற்பது மேல்.

'டிஸ்கஸ் அபௌட்', 'மேரி வித்' தவறா?
ஆசிரியை, திருநெல்வேலி

தவறு. 'டிஸ்கஸ் இட்', 'மேரி ஹிம்', 'என்டர் தி ரூம்' போதும். நம் 'பற்றி', 'உடன்', 'உள்ளே' ஆகியவை ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதை இது.

'ஷீ டுக் தி அம்ப்ரெல்லா வித் ஹெர்' என்று படித்தேன். தன்னுடன் எடுத்துச் சென்றாள் என்றால் 'ஹெர்செல்ஃப்' அல்லவா?
மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

நம் 'தன்' எல்லா இடத்துக்கும் போகும். ஆங்கிலத்தின் 'செல்ஃப்' அப்படியல்ல. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள் என்றால் 'லுக்ட் அட் ஹெர்செல்ஃப்', பார்க்கப்பட்டவளும் அவளே. குடையை எடுத்துச் சென்றதில் 'வித் ஹெர்' வெறும் இடக்குறிப்பு. 'ஷீ லுக்ட் பிஹைண்ட் ஹெர்' என்பதும் அப்படியே. மொழிபெயர்க்கும்போது கவனம்: இந்த 'ஹெர்' வேறொரு பெண்ணாகவும் இருக்கலாம், முன்வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் அடித்துச் சொன்னார்கள்.
ஓய்வுபெற்றவர், சேலம்

'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்பதை வேறு எப்படி இயல்பாகக் கேட்பது? கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் பென் ஜான்சனின் நடையில் இதைக் குற்றமாகச் சொன்னார். பிறகு இலக்கண நூல்கள் அந்தத் தடையைப் பரப்பின. மக்கள் பேச்சு அதற்குக் கட்டுப்படவே இல்லை. தயங்காமல் முடியுங்கள்.

கடைசியாக, 'பிட்வீன் யூ அண்ட் ஐ'?
அதே மதுரைக்காரர்

'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே சரி. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் ஒரு கடிதத்தில் 'யூ அண்ட் ஐ' என்றுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் விடைத்தாளைத் திருத்தப்போகிறவர் ஷேக்ஸ்பியர் அல்லர்.