மறைந்த கிறிஸ்தவ ஊழியர்களில் உங்கள் விசுவாசத்தை அதிகம் உருவாக்கியவர் யார்? அவர் இல்லாதது வெறுமையாகத் தெரிகிறதா?

இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. சகோதரர் பக்த் சிங்.

அவருடைய பிரசங்கத்தை நான் நேரில் கேட்டதில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாட்களில் அவர் பார்க்கின்சன் நோயால் தளர்ந்து ஹைதராபாத்தில் படுக்கையில் இருந்தார். 2000 செப்டம்பர் 17 அன்று, 97 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆனால் அவருடைய ஊழியத்தில் இரட்சிக்கப்பட்டவர்களும், அவரோடு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு சுவிசேஷம் சொல்லப் போனவர்களும் எங்கள் சபையில் மூத்தவர்களாக இருந்தார்கள். அவர்கள் சொல்லக் கேட்டதும், அவருடைய சாட்சியையும் செய்திகளையும் நானே வாசித்ததும்தான் எனக்கு அவரோடு இருந்த பழக்கம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1903இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் பகுதியில், வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் படித்தும் கிறிஸ்தவத்தின்மேல் வெறுப்பு. தேர்வில் தேறியதற்காக ஒரு அழகான வேதாகமம் பரிசாகக் கிடைத்தது. தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, தோல் அட்டை நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் வைத்துக்கொண்டார். 1926இல் படிக்க லண்டன் போனார். 1928இல் கனடாவுக்குப் போகும் கப்பலில் நடந்த ஆராதனையில், எல்லோரும் முழங்காற்படியிட்டபோது மனம் இல்லாமல்தான் தானும் முழங்காற்படியிட்டார். அங்கே ஏதோ நடந்தது. இயேசு என்ற பெயர் அதற்குப் பிறகு அவரை விடவில்லை. 1929 டிசம்பரில் வின்னிபெக் நகரத்தில் ஒரு நண்பர் கொடுத்த சிறிய புதிய ஏற்பாட்டை வாசிக்க உட்கார்ந்தவர், யோவான் மூன்றாம் அதிகாரத்தில் "மெய்யாகவே மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்ற இடத்தைத் தாண்ட முடியாமல் உடைந்துபோனார். அதற்குப் பிறகு வேதத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை திரும்பத் திரும்ப வாசித்தார். இறையியல் கல்லூரி எதற்கும் போகவில்லை.

1933இல் பம்பாயில் வந்து இறங்கியபோது பெற்றோர் அங்கே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்கள்: கிறிஸ்தவனாக இருந்துகொள், ஆனால் வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும். அவரால் அதற்குச் சம்மதிக்க முடியவில்லை. அவர்கள் அவரை விட்டுவிட்டுப் போனார்கள். கையில் ஒன்றுமில்லாமல் தெருவில் நின்று பேசத் தொடங்கியதுதான் அவருடைய ஊழியம். பின்னாளில் அந்தத் தகப்பனாரே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்று வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, என் விசுவாசத்தில் அவர் செய்தது என்ன? இந்தக் கேள்விக்குப் பலர் தங்களைத் தொட்ட ஒரு பிரசங்கத்தைச் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒரு பிரசங்கம் இல்லை. என்னைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவிடாமல் வாய் திறக்க வைத்தவர் அவர். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாங்கள் முதலில் இருந்தது ஒரு பாரம்பரியச் சபை. அங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஜெபப் புத்தகத்தின் வரிகள் இன்றும் மனப்பாடம். ஆனால் அங்கே பேசுவது போதகர், கேட்பது நாங்கள். பிறகு அம்மா பக்த் சிங் வழியில் உருவான ஒரு சபைக்குப் போகத் தொடங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காருவோம், ஒரு பக்கம் சகோதரர்கள், ஒரு பக்கம் சகோதரிகள். ஒரு பாட்டு பாடி முடிந்ததும் ஆராதனை வேளை தொடங்கும். அதை நடத்துவதற்கென்று முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். ஒருவர் இருந்த இடத்திலிருந்தே தேவனைத் துதிப்பார். அவர் முடித்ததும் இன்னொரு மூலையிலிருந்து ஒரு சகோதரி தொடங்குவார். எங்கள் சபையில் ஒரு கொத்தனார் இருந்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். சிலுவையைப் பற்றி அவர் துதித்துச் சொன்ன அளவுக்கு ஆழமாகச் சொன்ன பட்டதாரி யாரையும் நான் பார்த்ததில்லை. அவரைக் கேட்டுத்தான், ஆராதிக்கப் படிப்பு வேண்டாம், ஆண்டவரைத் தெரிந்திருந்தால் போதும் என்று எனக்குப் புரிந்தது. பயந்து பயந்து நானும் ஒரு நாள் இரண்டு வரி துதித்தேன். அன்று வரை அம்மாவின் விசுவாசமாக இருந்தது அன்றுதான் என்னுடையதும் ஆனது.

இந்த ஆராதனை முறை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப் பார்த்தேன். 1930களில் பெரிய சபைகள் பலவும் அவரை அழைத்துக் கூட்டங்கள் நடத்தின. 1937இல் பஞ்சாபின் மார்ட்டின்பூரில் பெரிய எழுப்புதல், அதாவது பெரிய ஆவிக்குரிய விழிப்பு, உண்டானது. அடுத்த ஆண்டு சென்னைக்கும் வந்தார், கூட்டம் அலைமோதியது. ஆனால் அவர் வழியாகப் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் பலருக்கு, இருந்த சபைகளில் வளர இடம் கிடைக்கவில்லை. 1941இல் அவரும் சில விசுவாசிகளும் பல்லாவரம் மலையில் இரவெல்லாம் ஜெபித்தார்கள். அந்த ஜெபத்திலிருந்துதான் சென்னையில் யேகோவா ஷம்மா என்ற சபை பிறந்தது. அவர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டது அப்போஸ்தலர் 2:42தான்: "அவர்கள் அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள்." இதில் பார்வையாளர் என்று ஒருவருக்கும் இடம் இல்லை. அவர் கட்டிய சபைகளிலும் அப்படித்தான். ஆராதனை முடிந்து, அப்பம் பிட்டு, செய்தி கேட்டு, கடைசியில் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அன்பின் விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். எந்தச் சாதி, என்ன வேலை என்று பார்க்காமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுகிற அந்தப் பந்தியை நான் லேசாக நினைப்பதில்லை. நம் நாட்டில் அதுவே பாதிப் பிரசங்கம்.

அவர் செய்தி கொடுக்கும்போது ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, எடுத்து வாசியுங்கள் என்று சபையிடமே விட்டுவிடுவாராம். எல்லோரும் பக்கத்தைத் திருப்பி முடிக்கும்வரை காத்திருப்பாராம். மூத்தவர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம், வேதத்தைக் கிழித்தவர் இத்தனை பேரை வேதத்தைத் திறக்க வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். நான் இன்று யார் பிரசங்கத்தைக் கேட்டாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வசனத்தை எடுத்து முன்னும் பின்னும் வாசித்துப் பார்த்துவிடுவேன். அந்தப் பழக்கம் அவர் வழி வந்தவர்களிடமிருந்து வந்தது.

இது எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பது அப்பா நோயில் விழுந்தபோதுதான் தெரிந்தது. உறவினர்கள் அன்பினால்தான் சொன்னார்கள்: இன்ன ஊழியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், இன்ன இடத்தில் எண்ணெய் வாங்கிப் பூசுங்கள், காணிக்கை அனுப்பி ஜெபிக்கச் சொல்லுங்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஒருவரையும் புண்படுத்தவில்லை. சபை மூப்பர்கள் வந்து ஜெபித்தார்கள். மற்றபடி நாங்களே கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றோம். யாருடைய வல்லமையையும் தேடி ஓடவில்லை. அப்பா பிழைக்கவில்லை. ஆனால் உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் அப்படித் தோன்றவில்லை. நேரடியாகப் பேசிப் பழகின ஆண்டவரிடம் அழவும் முடிந்தது, கோபப்படவும் முடிந்தது. இன்றுவரை நான் விசுவாசத்தில் நிற்பதற்குக் காரணம் அந்த நாட்கள்.

பண விஷயத்தையும் விட முடியாது. எந்த மிஷனிடமும் அவர் சம்பளம் வாங்கவில்லை, தேவை இருக்கிறது என்று மனிதரிடம் அறிவிக்கவும் இல்லை. பண்டிகைகளைப் பற்றிச் சொல்லும் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தை வைத்து அவர் தொடங்கிய பரிசுத்த சபைக்கூடுகைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் தங்கினார்கள். சாப்பாட்டுக்குக் கட்டணம் கிடையாது. முழங்காலில் கேட்டார்கள், வந்தது. இன்றைக்குத் தொலைக்காட்சியில் கணக்கு எண்ணைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டு பேசுபவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இப்படியும் ஊழியம் நடந்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

அவரைப் பின்பற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அவர் ஜெபித்துக் கண்டுபிடித்ததைச் சிலர் சட்டமாக்கிவிட்டார்கள். "சகோதரர் இப்படித்தான் செய்தார்" என்றால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முடிவுக்கும் கர்த்தரிடம் புதிதாகக் கேட்டுக் காத்திருந்த ஒருவரை இப்படியா பின்பற்றுவது? அவர் கடைப்பிடித்த முறைகளைவிட அந்தக் காத்திருப்புதான் நமக்கு அதிகம் வேண்டியது என்று நினைக்கிறேன்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. அவரோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவு வலித்தது, இன்னும் வலிக்கிறது. அவர் பேரைச் சொன்னாலே குரல் தழுதழுக்கும் முதியவர்களை எனக்குத் தெரியும். எனக்கோ வெறுமை தெரியவில்லை. கடைசி ஆண்டுகளில் நோயினால் அவரால் பிரசங்கிக்க முடியவில்லை. அந்த ஆண்டுகளிலும் சபைகள் கூடிக்கொண்டுதான் இருந்தன. துதித்தார்கள், அப்பம் பிட்டார்கள், புதிய ஆத்துமாக்கள் சேர்ந்தார்கள். அவரை நம்பி உட்கார்ந்திருக்கும்படி அவர் யாரையும் பழக்கவில்லை. நீங்கள் நேசித்த ஊழியர் அண்மையில் மறைந்து, அந்தத் துக்கத்தில் இதைக் கேட்டிருந்தால், அவர் உங்களுக்குக் காட்டின வசனங்களை எடுத்து நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பக்த் சிங்கை வாசிக்க விரும்பினால், அவர் எப்படி இரட்சிக்கப்பட்டார் என்று அவரே சொன்ன சாட்சியிலிருந்து தொடங்குங்கள். சிறியதுதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.