ஹால்ட் 3 நாள்

அன்புள்ள அக்கா,

நான் தண்டையார்பேட்டை. எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். வடசென்னையில் மின்சாரத்தாலும் போக்குவரத்தாலும் எவ்வளவு உற்பத்தி நடக்கிறது என்று ஆய்வேடு எழுதப்போகிறேன். மின் நிலையங்களின் யூனிட்டை விலையால் பெருக்கினால் போதுமா? ரயில், லாரி, ஷேர் ஆட்டோவை எப்படிச் சேர்ப்பது? எந்த மென்பொருள் நல்லது? எங்களுடையது பின்தங்கிய பகுதி என்பதால் தரவு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

– ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டுகளை வெயிலில் காயவைத்தேன். அன்று இரவே உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெருக்கினால் போதாது. ஒரு பேச்சுக்கு, 100 ரூபாய்க்கு மின்சாரம் விற்று அதில் 60 ரூபாய் நிலக்கரிக்குப் போனால், மின் நிலையம் தானாகச் சேர்த்த மதிப்பு, அதாவது அதன் மதிப்புக்கூட்டல், 40தான். மீதி 60, ஒடிசா சுரங்கத்திலும், பாரதீப் வரை வந்த ரயிலிலும், அங்கிருந்து எண்ணூருக்கு வந்த கப்பலிலும் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. ரயில்வேக்கு நாடு முழுவதற்கும் ஒரே கணக்குப் போட்டு மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுக்கிறார்கள். 1856இலேயே ரயில் புறப்பட்ட ராயபுரம்தான், ஆனாலும் அதன் பங்கை அந்தக் கணக்கிலிருந்து உருவ முடியாது. மென்பொருளை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

அப்புறம், அது என்ன 'பின்தங்கிய பகுதி'? அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் பழைய இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். பக்கத்தில் வல்லூரில் 1,500. காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் இங்கேதான். வெளியாட்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தையை இங்கே பிறந்த பிள்ளை ஆய்வேட்டில் எழுதலாமா? முதல் வேலையாக அதை அடியுங்கள். மாவட்ட எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். திருவொற்றியூர் வட்டமோ 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. புகைபோக்கி ஒரு மாவட்டக் கணக்கில், தூசி விழும் மொட்டைமாடி இன்னொரு மாவட்டக் கணக்கில்.

இனி லாரி. அப்பா டிரெய்லர் ஓட்டினார். கடனில் வாங்கிய சொந்த வண்டி. நோட்டில் இடப்பக்கம் வாடகை, வலப்பக்கம் டீசல், டயர், கிரீஸ், பஞ்சர், கிளீனர் பேட்டா, டியூ. இந்த ஒரு பக்கத்தை வைத்தே மதிப்புக்கூட்டலைக் கற்றுக்கொள்ளலாம். டீசல், டயர், கிரீஸ், பஞ்சர் நான்கையும் கழிக்க வேண்டும். பேட்டாவைக் கழிக்கக் கூடாது, அது கூலி. டியூவையும் கழிக்கக் கூடாது. அதில் வட்டி, கூட்டிய மதிப்பிலிருந்து கடன்காரனுக்குப் போகும் பங்கு. அசல், வாங்கிய கடனைத் திருப்புவது. அப்பாவுக்கு எல்லாமே செலவுதான். புத்தகத்துக்கு அப்படி இல்லை.

ஒரு பக்கத்தில் 'ஹால்ட் 3 நாள்' என்று மட்டும் இருக்கிறது. இடப்பக்கம் காலி. வலப்பக்கம் டீசல், டீ.

துறைமுகத்துக்குள் போகக் காத்து நின்ற அந்த லாரி வரிசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்த கேட் என்று சொல்லவேண்டாம். டிரெய்லருக்கு அடியில் போர்வையைத் தூளியாகக் கட்டிப் படுத்திருப்பார். நான் தூக்கில் சோறு கொண்டுபோவேன். பாதி சாப்பிடும்போது முன்னால் வண்டி நகரும். கையை உதறிக்கொண்டு கேபினில் ஏறி, இரண்டு வண்டி நீளம் நகர்த்தி, இறங்கிவந்து மீதியைச் சாப்பிடுவார். நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன்.

அந்த மூன்று நாளை எங்கே எழுதுவீர்கள், தம்பி? சொந்த வண்டிக்காரர்களுடைய லாரித் தொழிலில் பெரும்பாலும் ஆள்கணக்குதான். மாதிரி ஆய்வில் ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு மதிப்புக்கூட்டல் என்று எடுத்து, தொழிலாளர் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். நின்றவரும் ஒரு தலை, ஓடியவரும் ஒரு தலை. நின்றபடியே எரித்த டீசல் அப்பாவின் மதிப்பைக் குறைக்கிறது. அதே டீசலில் பங்க்காரருக்கு அன்றைக்கு வியாபாரம். அப்பா நின்ற மணிநேரத்துக்கு மட்டும் எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. சராசரியில் கரைந்துபோகிறது. வகுப்பில் 25 வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சூத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. காத்திருந்த நேரத்துக்கு அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் போடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில், மணலி சாலையில் நிற்கும் 50 ஓட்டுநர்களைக் கேளுங்கள்: எப்போது வந்தீர்கள், எப்போது உள்ளே போனீர்கள், இந்த டிரிப்புக்கு என்ன வாடகை, எவ்வளவு டீசல்? தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். ஷேர் ஆட்டோவை அடுத்த ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் நோட்டுகள் 11 இருக்கின்றன. ஜெராக்ஸ் எடுக்க முடியாது, தாள் ஒடிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
அக்கா