தேக்காவின் சுவரும் வாடகையும்

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா என்றும் அழைக்கப்படும் லிட்டில் இந்தியாவுக்குப் பொலிவூட்ட அரசாங்கமும் வணிகர்களும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து உழைக்கிறார்கள். ஒளியூட்டு, சுவரோவியம், விழா எதற்கும் குறைவில்லை. ஆனாலும் பழைய கடைகள் மூடிக்கொண்டே வருகின்றன. காலத்துக்கேற்ப மாறாத வணிகர்கள்தாமே இதற்குப் பொறுப்பு?
- வாசகர், ஈசூன்

பதில்: மாறாத வணிகர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் அரசாங்கம் இருக்கிறது, வணிகர் இருக்கிறார், கட்டட உரிமையாளரைத்தான் காணோம். இந்தக் கணக்கில் மிகுதியாகப் பெறுபவர் அவர்தான்.

1989ஆம் ஆண்டில் நகர மறுசீரமைப்பு ஆணையம் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்ததால் கடைவீடுகள் இடிபடாமல் தப்பின. முகப்பும் கூரையும் சன்னலும் கடை முன்னுள்ள ஐந்தடிப் பாதையும் சட்டத்தின் காவலுக்குள் வந்தன. ஆனால் மிளகாய் அரைத்துக் கொடுப்பவருக்கும் பூக்கட்டுபவருக்கும் அந்தக் காவல் கிடைக்கவில்லை. வட்டாரத்தின் மையப் பகுதியில் இன்னின்ன தொழில்கள் கூடாது என்று தடுக்க விதி உண்டே தவிர, இருக்கிற தொழில் நிலைத்திருக்க வழிசெய்யும் விதி இல்லை. 1947ஆம் ஆண்டுக்குப் பிந்தைய கட்டடங்களைத் தொடாமல் பழைய கட்டடங்களுக்கு மட்டும் பொருந்தி வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தால் உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்கக்கூட ஆர்வமின்றிக் கட்டடங்கள் பாழடைந்ததும் உண்மை என்பதால், அதைத் திரும்பக் கொண்டுவரும்படி நான் கேட்கவில்லை.

இப்போது கூட்டு முயற்சிகளைப் பாருங்கள். லிட்டில் இந்தியா வர்த்தகர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷா, பயணத்துறைக் கழகத்தின் ஆதரவோடு ஆண்டுதோறும் தீபாவளி ஒளியூட்டை நடத்துகிறது. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. லாசால் கலைக்கல்லூரியின் துணையோடு சுவர்கள் ஓவியங்களாயின. எல்லாம் நல்ல வேலைகள். சுற்றுப்பயணிகள் வருகிறார்கள், படமெடுக்கிறார்கள். ஆனால் படமெடுக்க வருபவர் பருப்பு வாங்குவதில்லை. தெருவில் நடமாட்டம் கூடியதைக் காட்டி அடுத்த குத்தகையில் வாடகை ஏறும்போது, உயர்ந்த தொகையைக் கட்ட வேண்டியவர் பருப்பு விற்பவராகவே இருக்கிறார். பொதுப் பணமும் சங்கத்தின் உழைப்பும் கூட்டிய மதிப்பு, விளக்குக்கு ஒரு வெள்ளிகூடத் தராத உரிமையாளருக்கும் போய்ச் சேர்கிறது.

இந்தக் கோளாறு அதிகாரிகளுக்குத் தெரியாததன்று. 2017இல் தொடங்கிய வணிக மேம்பாட்டு வட்டார முன்னோடித் திட்டத்தில், வட்டாரத்தின் உரிமையாளர்களும் வணிகர்களும் சந்தா செலுத்தினால் அரசாங்கமும் அதற்கு ஈடாக வெள்ளிக்கு வெள்ளி தரும் என்ற ஏற்பாடு இருந்தது. ஆனால் சேர்வது அவரவர் விருப்பம். விருப்பம் என்று வைத்தால் பக்கத்துக் கடைவீட்டுக்காரர் கட்டுவதில் குளிர்காய்ந்துகொள்ளும் வாய்ப்பை யார் விடுவார்? கனடாவின் டொரோண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் தெருவில் 1970ஆம் ஆண்டிலேயே வணிகச் சொத்துகள் அனைத்தின்மீதும் கட்டாயத் தீர்வை விதித்து இதற்கு முடிவு கட்டினார்கள். அதிலும் ஓர் ஓட்டை உண்டு. உரிமையாளர் அந்தத் தீர்வையைக் குத்தகையில் எழுதிக் கடைக்காரர் தலையில் இறக்கிவிடலாம். ஆகவே, தீர்வையை வாடகைதாரரிடம் வசூலிக்கக் கூடாது என்ற நிபந்தனையும், அதை எப்படிச் செலவிடுவது என்பதில் வாடகைதாரருக்கு வாக்கும் வேண்டும்.

சில்லறை வணிக இடங்களின் குத்தகை பற்றி 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டம் குத்தகைப் பேச்சில் நியாயமான நடைமுறைகளைக் கட்டாயமாக்கியது. பெரிய முன்னேற்றம்தான். எனினும் வாடகை எவ்வளவு என்பதில் அது தலையிடவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் திரளும் வெளிநாட்டு ஊழியர்களை, வட்டாரத்தை அழகுபடுத்தும் திட்டங்கள் பெரும்பாலும் நெரிசலாகவே பார்க்கின்றன. அரிசியும் மளிகையும் தொலைபேசி அட்டையும் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, அந்தக் கடைகளை வாரம் தவறாமல் தாங்கி நிற்பவர்கள் அவர்கள். இருக்கையும் கழிப்பறையும் நிழலும் முதலில் அவர்களுக்காக அமைய வேண்டும். சுவருக்கு அடுத்த வண்ணம் அதன் பிறகு வரட்டும்.

எனவே, அடுத்த முறை லிட்டில் இந்தியா பற்றிய கருத்துக் கேட்பு அறிவிக்கப்பட்டால், வணிகர்கள் ஏன் மாறவில்லை என்று கேட்பதற்கு முன், உரிமையாளர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.