சிமெண்ட் இல்லாமல் வேலிக்கால் ஊன்றலாம்: கேள்வி பதில்

காங்கயம் பக்கம் பல வருடமாகத் தோட்டங்களுக்குக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி வேலி போட்டு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு என் கை கண்டதைச் சொல்கிறேன்.

அண்ணா, இரண்டு ஏக்கருக்கு முள்கம்பி வேலி. குழிக்குக் குழி கான்கிரீட் போட்டே ஆகணும் என்கிறார் மேஸ்திரி. போடாவிட்டால் நிற்காதா?

தாராளமாக நிற்கும். கால் ஆடுவது சிமெண்ட் இல்லாததால் அல்ல, மண்ணைச் சரியாக இடிக்காததால். ஏழடிக் கல்லுக்கு இரண்டடிக் குழி போதும். குழியை அகலமாக வெட்ட விடாதீர்கள். கல்லைச் சுற்றிக் கடப்பாரையின் மொட்டை முனை இறங்க நாலு விரற்கடை இடம் இருந்தால் சரி. தோண்டாத மண்ணுக்கு இருக்கிற பிடிப்பு, நாம் அள்ளிப் போடுகிற மண்ணுக்கு லேசில் வராது.

கல்லை இறக்கி, நூலுக்கு ஒட்டி, தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். அப்புறம் அரைச்சாண் உயரத்துக்கு மட்டும் மண் போட்டுச் சுற்றிச் சுற்றி இடியுங்கள். முதலில் ‘தொப் தொப்’ என்று கடப்பாரை புதையும். இறுக இறுகச் சத்தம் மாறும். கடைசியில் ‘ணங்’ என்று கையிலேயே திருப்பி அடிக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்த அரைச்சாண். ஒரு கல்லுக்கு ஐந்தாறு தடவை இப்படி வரும்.

பலரும் குழியை ஒரேயடியாக நிரப்பிவிட்டு மேலே மட்டும் மிதிக்கிறார்கள். கல்லின் தலையை மாடு தள்ளினால் அடிமுனை எதிர்ப்பக்கம் நகரப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அடிமண்தான்; அது தொளதொளவென்று இருந்தால் மேலே எவ்வளவு மிதித்தும் பயனில்லை. நன்றாக இடித்திருந்தால் தோண்டிய மண் அநேகமாக எல்லாமே குழிக்குள் திரும்பப் போய்விடும். கல் இடத்தை அடைத்துக்கொண்டதே என்று மண் குவியலாக மிஞ்சினால், பிடுங்கி மறுபடி இடியுங்கள்.

கோடையில் மண் பொடியாகக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றி இடிக்கலாமா?

இடிக்கும்போது ஊற்றினால் சேறாகிவிடும், சேறு இறுகாது. முதல் நாள் சாயங்காலமே மண்ணை நனைத்து வையுங்கள். காலையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது.

எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம், கரிசல். வெயில் காலத்தில் காலைச் சுற்றிப் பிளந்துவிடுகிறது.

கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதனால் தோண்டிய கரிசலைத் திரும்பப் போடாதீர்கள். அரையடி கூடுதலாகத் தோண்டி, செம்மண் கலந்த சரளை கொண்டுவந்து இடியுங்கள். மேலே தண்ணீர் தேங்காதபடி கல்லைச் சுற்றி மேடு கட்டிவிடுங்கள்.

மூலைக்கல் மட்டும் உள்பக்கம் சாய்கிறது, ஐயா.

கம்பியின் இழுப்பு முழுவதும் அதன் தலையில்தான். நான் முதன்முதலில் போட்ட வேலியில் முட்டு கொடுக்காமல் கம்பியை முறுக்கிவிட்டு, மறுமாதமே மூலைக்கல் சாய்ந்து நின்றதைப் பார்த்து மனசு விட்டுப்போனது. மூலைக்கு மூன்றடி ஆழம் வேண்டும். இரண்டு வேலி வரிசையிலும் ஒவ்வொரு முட்டுக்கல்லைச் சாய்வாக அணைத்து ஊன்றுங்கள். முட்டின் காலடியில் பட்டைக்கல் ஒன்றைப் புதைத்தால் மண்ணுக்குள் அழுந்தாது. முடிந்தால் ஒரு மழை பெய்து மண் படிந்ததும் மறுபடி இடித்துவிட்டுக் கம்பி இழுங்கள்.

கல் வாங்க வசதியில்லை. மரக்கால் கரையானுக்குத் தாங்குமா?

வைரம் பாய்ந்த கருவேலமோ முற்றிய பனையோ என்றால் தாங்கும். இளமரம் வேண்டவே வேண்டாம். மரத்துக்குக் கான்கிரீட் கெடுதல்தான். மரம் காய்ந்து சுருங்கும்போது இடுக்கு விழும், அதில் மழைத்தண்ணீர் இறங்கி நிற்கும். குழியின் அடியில் அரைச்சாண் ஜல்லி போட்டு அதன்மேல் காலை நிறுத்துங்கள்.

கம்பியே இல்லாமல் ஆடு மாட்டைத் தடுக்க வழி உண்டா?

கிளுவை. கொறங்காடு என்று நாங்கள் சொல்கிற மேய்ச்சல் காடுகளைச் சுற்றி நிற்பது அந்த உயிர்வேலிதான். மழைக்கு முன்னால் அதன் போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகளை, வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். வேலி அடையும்வரை ஆடு கடிக்காமல் முள் வெட்டிப் போட்டுக் காப்பாற்றுங்கள்.