எமிலியைச் சுட்டது நான்தான்

கேள்வி: பனிமலையில் ஓர் இரவு மாட்டிக்கொள்ளும் எட்டு நண்பர்களை நாமே ஆட்டிவைக்கும் 'அன்டில் டான்' திகில் வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம் வந்தால் எப்படி இருக்க வேண்டும்? என்னிடம் மூன்று யோசனைகள். பிழைத்தவர்கள் எல்லோரும் தங்கள் நண்பன் ஜோஷைத் தேடி அதே மலைக்குத் திரும்ப வேண்டும். ஜோஷ் குணமாகி, நாம் ஆடும் பாத்திரமாக வேண்டும். யாராவது செத்தால் பின்னால் போய் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும்.

பதில்: (இன்னும் ஆடாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கதை முழுக்க உடையப் போகிறது.)

மூன்றாவது யோசனைதான் எனக்கு எரிச்சல், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2015-இல் அந்த ஆட்டத்தை ஆடியபோது, வெண்டிகோ என்ற கோரப் பிறவியிடம் கடிபட்டு வந்த எமிலியை, அவள் நண்பன் மைக் துப்பாக்கி முனையில் நிறுத்தும் இடம் வந்தது. கடித்தால் தொற்றும் என்று எல்லோரும் கத்துகிறார்கள். சுட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆஷ்லி ஒரு குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். கடி தொற்றாது என்று அதில் எழுதியிருக்கிறது. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வருவதற்குள் ஆட்டம் தானாகவே சேவ் ஆகியிருந்தது. பத்து வருடம் கழித்தும் அந்தக் காட்சி நினைவிருக்கிறது என்றால், அதைத் திருப்ப வழியில்லாமல் போனதுதான் காரணம். அதை உருவாக்கிய அதே சூப்பர்மாசிவ் நிறுவனம் 2022-இல் 'தி குவாரி'யில் மூன்று சாவுகளைத் திருப்பிக்கொள்ள இடம் கொடுத்தது. நானும் ஒருமுறை திருப்பினேன். அப்புறம் அந்த ஆட்டத்தில் எனக்குக் கை வேர்க்கவே இல்லை.

சரி, முதல் யோசனை. பிழைத்தவர்கள் என்கிறீர்களே, யார் அவர்கள்? எட்டுப் பேரில் எவரும் சாகலாம். காகிதக் கணக்கில் 256 சேர்க்கைகள். கதை சிலவற்றை அனுமதிக்காது என்றாலும், மிச்சமே ஏராளம். உங்கள் எமிலி உயிரோடு இருப்பாள், என் எமிலி இல்லை. இப்படி வரும்போது கதாசிரியர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? 'தி வாக்கிங் டெட்' (2012) ஆட்டத்தின் முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். மூன்றாம் அத்தியாயத்தில், யாரைக் காப்பாற்றியிருந்தாலும் அவரைக் கூட்டத்திலேயே இருக்கும் லில்லி சுட்டுவிடுகிறாள். அவர்களுக்குக் கணக்கு நேராகிவிட்டது. நாம் தலையைப் பிய்த்துக்கொண்டு எடுத்த முடிவு குப்பைக்குப் போனது.

ஜோஷ் விஷயம் இன்னும் மோசம். அந்த மலையில் மனித மாமிசம் தின்றவன் வெண்டிகோவாகிறான். ஜோஷ் சாகாமல் தப்பும் முடிவில், அவன் சுரங்கத்துக்குள் தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு ஊசி போட்டுக் குணப்படுத்தினால், இருக்கிற ஒரே பயங்கரத்தையும் சளி இருமல் ஆக்கிவிடுவீர்கள். வட அமெரிக்கப் பழங்குடிகளான கிரீ, ஒஜிப்வே மக்களின் கதைகளில் வெண்டிகோ வெறும் பல்லும் நகமும் அல்ல, குளிர்காலப் பசி.

அந்தப் பசியைப் பற்றிய மிகப் பெரிய முடிவை முதல் பாகம் நம் கையில் தரவே இல்லை. பாறையிலிருந்து விழுந்து பிழைத்த ஜோஷின் தங்கை ஹன்னா, சுரங்கத்துக்குள் தனியாகக் கிடந்து, தான் புதைத்த இரட்டைச் சகோதரி பெத்தைத் தோண்டித் தின்கிறாள். அதை நாம் அவளுடைய நாட்குறிப்பில் படிக்கிறோம், அவ்வளவுதான். ஆஷ்லி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றெல்லாம் நம்மைக் கேட்டவர்கள் இதைக் கேட்கவில்லை.

இரண்டாம் பாகம் இதைக் கேட்கட்டும். அந்த விடியலுக்குப் பிறகு சுரங்கத்துக்குள் இறங்கும் மீட்புக் குழுவை நாம் ஆட வேண்டும். பனிச்சரிவில் வாசல் அடைபடுகிறது. இருக்கிற ரொட்டியை யாருக்குப் பங்கிடுவது, காலுடைந்தவனுக்கா, நடக்கக்கூடியவனுக்கா? ஏழாம் நாள் அந்தக் காலுடைந்தவன் செத்துக் கிடக்கும்போது என்ன செய்வது?

பழையவர்கள் வெறும் குரலாக வந்தால் போதும். முதல் பாகத்தின் முடிவில் பிழைத்தவர்களிடம் போலீஸ் வாக்குமூலம் வாங்குகிறதல்லவா? ஆட்டம் தொடங்கும்போதே எட்டுப் படங்களைக் காட்டி, யார் இறங்கி வந்தார்கள் என்று நம்மைக் கேட்கட்டும். அவர்கள் பேசிய டேப்பை மீட்புக் குழு எடுத்துப்போகும். உங்கள் சாம் பிழைத்திருந்தால், வெண்டிகோவுக்கு அசைவு மட்டும்தான் தெரியும், மூச்சைப் பிடித்து நில்லுங்கள் என்று அதில் சொல்லுவாள். எட்டுப் பேரையும் பலி கொடுத்தவருக்கு டேப்பே இல்லை. வெண்டிகோ வந்தால் கன்ட்ரோலரை முழங்காலில் ஊன்றி அசையாமல் பிடிக்க வேண்டும் என்று முதல் பாகத்தை ஆடிய நமக்குத் தெரியும். திரையில் இருக்கிற அந்த ஆளுக்குத் தெரியாது, அவன் ஓடுவான்.

திருப்பும் பொத்தான் வேண்டுமென்று இன்னும் பிடிவாதம் பிடித்தால், அந்த டேப் ரிக்கார்டரில் ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள்.