முதல் கியரில் உதறும் கார்: கிளச்சை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலையில் பாடசாலை ஆசிரியை. என்னிடம் 800 சிசி சிறிய கார் ஒன்று இருக்கிறது, மெனுவல் கியர். சில வாரங்களாக முதல் கியரில் எடுக்கும்போது வண்டி முழுவதும் உதறுகிறது. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். ஓடத் தொடங்கிவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. கராஜில் காட்டினேன். போனட்டைக்கூடத் திறக்காமல், “கிளச் போய்விட்டது, செட்டையே மாற்ற வேண்டும்” என்கிறார் பாஸ். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் போனட்டைத் திறக்காமல் சொன்ன தீர்ப்புக்குக் காசு கொடுக்காதீர்கள், டீச்சர்.

கிளச் தேய்வது வேறு, உதறுவது வேறு. தேய்ந்த கிளச் வழுக்கும். நானுஓயா ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வேகம் கூடாது. உங்கள் வண்டியில் அந்தக் குறை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. உதறுகிறது என்றால், கிளச் பிளேட், எஞ்சினோடு சுழலும் கனத்த இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலைச் சீராகப் பற்றாமல் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது என்று கொள்ளலாம். அல்லது பிளேட் ஒழுங்காகப் பற்றியும், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் றப்பர் கிழிந்து எஞ்சினே ஆடுகிறது. இரண்டாவதைச் சரிசெய்யக் கியர்பொக்ஸை இறக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப் பிரேக்கை இழுத்து, போனட்டைத் திறந்து வையுங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே அமர்ந்து கால் பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் கனக்கும் இடத்தில் மறுபடி மிதிக்கட்டும். பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. எஞ்சின் இலேசாகச் சாய்ந்து திரும்பினால் அது இயல்பு. ஒரு பக்கம் குதித்து எழுந்தால் மவுண்ட் போய்விட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் றப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கிளச் கேபிள். சிறிய கார்கள் பலவற்றில் பெடலின் அசைவைக் கடத்துவது ஒரு கம்பிதான். உறைக்குள் துருவேறியோ இழை பிரிந்தோ இருந்தால், நீங்கள் காலை மெதுவாக எடுத்தாலும் கிளச் தவணை தவணையாகத்தான் விடும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். வழியில் சிக்கிச் சிக்கி இறங்கினால் கேபிளை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கத்து மழையிலும் பனிமூட்டத்திலும் சில நாட்கள் வெளியே நின்ற வண்டி, காலையில் முதல் சில தடவை மட்டும் உதறி, லிந்துலை போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுமானால், ஃப்ளைவீலில் படிந்த மெல்லிய துருவும் பிளேட்டில் ஏறிய ஈரமும்தான் காரணம். அதற்கு வைத்தியம் வேண்டாம். சூடேறியபின் உதறல் கூடுகிறதென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மவுண்ட்டும் கேபிளும் சரியென்றால் சந்தேகம் ஒயில் மீது போகும். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஒயில் கசிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் எஞ்சின் ஒயில், கிராங்க் தண்டின் பின்பக்க சீல் விட்டிருக்கும். தடிப்பாக, கந்தக வாடையுடன் இருந்தால் கியர் ஒயில், கியர்பொக்ஸின் முன் சீல். எதுவானாலும் பிளேட்டில் தெறித்த ஒயில், பிடிப்புக்காக அதன் முகத்தில் பொருத்தியிருக்கும் லைனிங்குக்குள் ஊறிவிடும். சில கராஜ்களில் அந்தப் பிளேட்டைப் பெற்றோலில் கழுவி, எமரித் தாளால் தேய்த்து, திரும்பவும் மாட்டிவிடுவார்கள். முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். பிளேட் சூடாகும்போது ஊறிய ஒயில் மேலே வரும், உதறலும் திரும்ப வரும். ஒயில் பட்ட பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

இவ்வளவும் பார்த்தபின் கியர்பொக்ஸ் இறங்குகிறதென்றால் பாஸ் சொன்னது போலச் செட்டாகவே மாற்றுவது நியாயம். பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங் மூன்றும் ஒன்றாகப் போகட்டும், சீல்களும் கூடவே. கூலியில் பெரும்பங்கு இறக்கி ஏற்றுவதற்குத்தான். ஒரு பெயாரிங்கை மிச்சம் பிடித்து அதே கூலியை இரண்டு தடவை கொடுப்பது சிக்கனமாகாது.

ஃப்ளைவீலைக் கழற்றியபின் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். முகத்தில் நீலமும் கருநீலமுமாகத் திட்டுகள் இருந்தால் அது சூட்டில் இறுகிய இரும்பு. உதறலுக்கு அதுவே போதுமான காரணம், அதன்மேல் புதுப் பிளேட் போட்டுப் பயனில்லை. லேத்தில் கடைந்தால், இறுகிய திட்டுகளில் கத்தி ஏறாமல் அவை மேடாகவே நின்றுவிடுவதுண்டு. கிரைண்டிங் செய்யும் பட்டறையாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது. திட்டு ஆழமாக இறங்கியிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் டர்போ இல்லாத எஞ்சினின் வலு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சிறிய எஞ்சின்காரர்கள் ஏற்றத்தில் கிளச்சை அரைகுறையாக மிதித்து வலுவைச் சமாளிக்கப் பார்ப்பது இதனால்தான். நீலத் திட்டு விழுவதும் அதனால்தான்.

கேள்வி: ஹட்டனில் ஒரு கராஜில் போன மாதம் கிளச் செட் மாற்றினேன். மாற்றிய நாளிலிருந்தே வண்டி உதறுகிறது. முன்பு உதறவே இல்லை, வழுக்கியது மட்டும்தான். கேட்டால், “புதிது அப்படித்தான், போகப் போகப் பழகும்” என்கிறார்கள். பில் என்று தந்தது மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுத்தாள். நான் என்ன செய்யலாம்?

பதில்: புதுப் பிளேட் படிந்து வரச் சில நூறு கிலோமீற்றர் ஓட வேண்டும் என்பது உண்மை. அதுவரை இலேசான அதிர்வு இருக்கலாம். ஒரு மாதம் ஓடியும் பல் கிட்டுகிற மாதிரி உதறினால் அது பழகுகிற விஷயமல்ல, பூட்டியதில் பிழை.

அந்தப் பிழைகள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கும். கியர்பொக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் முழுவதையும் புதுப் பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டால் பிளேட் கோணிவிடும். கீழே ஜாக் வைக்காமல் இருவர் தோள் கொடுத்து ஏற்றும் கராஜ்களில் இது எளிதில் நடக்கும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்காமல் ஒரு பக்கத்தை முதலில் முழுக்க இறுக்கினாலும் கோணும். கிரீஸ் கையோடு லைனிங்கைப் பிடித்திருக்கலாம். பிளேட்டுக்குள் நுழையும் கியர்பொக்ஸ் தண்டின் பற்களில் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தால் அது சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் விழும். நீங்கள் சொல்லும் வழுக்கலால் ஃப்ளைவீல் ஏற்கெனவே சூடேறியிருக்கும், அதைத் தொடாமலே மூடியிருக்கவும் கூடும்.

முதலில் கராஜுக்கே போய், சண்டை போடாமல், இரண்டு கேள்வி கேளுங்கள்: ஃப்ளைவீலைக் கிரைண்ட் செய்தீர்களா? பழைய பாகங்கள் எங்கே? அங்கேயே ஒரு விபரமான பற்றுச்சீட்டும் கேளுங்கள், பாகங்கள் தனியாக, கூலி தனியாக, திகதியோடு. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது அவர்கள் கடமை.

இழுத்தடித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் சேவை பெற்று 3 மாதங்களுக்குள். உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. “பழகும்” என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கழிவது உங்கள் தவணைதான். விசாரிக்க அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அதற்கு முன் வேறொரு மெக்கானிக்கிடம் ஓட்டிக் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்கி வையுங்கள். ஆனால் அவரைக் கொண்டு பிரிக்கவிடாதீர்கள். பிரித்தால் பழியை அவர் மீது போட்டுவிடுவார்கள்.

கேள்வி: பண்டாரவளையில் ஒரு பழைய கார் பார்த்தேன். எடுக்கும்போது சிறு நடுக்கம். “எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, அதுதான்” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்லை நம்ப வேண்டாம், வண்டியையே கேளுங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, முதலில் முதல் கியரில் எடுங்கள். பின் வண்டியைத் திருப்பி, அதே ஏற்றத்தில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். மறைக்க முடியாத இடம் ரிவர்ஸ்தான். நடுக்கம் காணாமல் போயிருந்தால் அவர் சொன்னது சரி. இருந்தால் விலையில் பிளேட்டின் விலையை மட்டும் கழிக்காதீர்கள். செட், சீல், ஃப்ளைவீல் வேலை, கியர்பொக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி எல்லாவற்றுக்கும் ஒரு கராஜில் கணக்குக் கேட்டு முழுவதையும் கழியுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு கார் கிடைக்கும். ஓட்டுநர் பயிற்சிக்கு ஓடிய வண்டியா என்றும் விசாரியுங்கள். பயிற்சி வண்டிகளில் முதலில் அடிபடுவது கிளச்.

கேள்வி: புதுப் பிளேட் வாங்காமல் பழையதற்கே லைனிங் அடித்துக்கொள்ளலாமா? — மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: பழைய ஜீப்புக்கும், புதுப் பிளேட் கிடைக்காத வண்டிக்கும் அடிக்கலாம். கடையில் தாராளமாகக் கிடைக்கும் சிறிய காருக்கு வேண்டாம். இறக்கி ஏற்றும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். அடித்தே ஆக வேண்டுமென்றால், கொடுப்பதற்கு முன் பிளேட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்து கலகலக்கின்றனவா, தண்டு நுழையும் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை போயிருந்தால் லைனிங் செலவு வீண். அடித்து வாங்கும்போது ரிவெட் தலைகள் லைனிங்குக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றாவது விரலில் தட்டினால், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.